ஆற்றுக்கட்டு அரித்துப்போகிறது: ஊரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிழக்கிலங்கையில் முந்தனை ஆறு, மாதுரு ஓயா, மகிழவெட்டுவான் ஆறு, அம்பாறைப் பக்கம் களியோடை என்று எந்த ஆற்றங்கரை ஊருக்குப் போனாலும் கேள்வி ஒன்றுதான்: “போன வருசம் போட்ட கட்டு இந்த மாரிக்கு எங்கே போச்சு?” சித்தாண்டி, கிரான், சந்திவெளிப் பக்கத்துக் கமக்காரர் கூட்டங்களிலும் தேநீர்க் கடைகளிலும் திரும்பத் திரும்ப எழும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறோம். பொறியியலாளர் செய்யவேண்டிய கணக்கை இது செய்யாது. ஆனால் கட்டில் வேலை நடக்கும்போது பக்கத்தில் நின்று எதைப் பார்க்கவேண்டும், எதைக் கேட்கவேண்டும் என்று சொல்லும்.

ஒவ்வொரு மாரியிலும் ஏன் அதே இடத்தில்தான் உடைப்பெடுக்கிறது?

ஆறு வளைந்து திரும்பும் இடத்தில் வேகமான நீரோட்டம் வெளிப்பக்கக் கரையில் மோதும். உட்பக்கத்தில் நீர் மெதுவாகி, கொண்டுவந்த மணலைப் போட்டுவிட்டுப் போகும். ஒரு பக்கம் மணல்திட்டு வளர, எதிர்ப்பக்கம் மடு விழும். உங்கள் கட்டு மடு விழும் பக்கத்தில் இருந்தால் ஆறு அதன் அடியைத் தின்றுகொண்டே இருக்கும்.

வெள்ளம் ஏறும்போது எல்லோருடைய கண்ணும் கட்டின் உச்சியில்தான் இருக்கும். அரிப்பு நடப்பதோ தண்ணீருக்குள்ளே, அடியில். அங்கே மூன்று நான்கு அடி மண் போனாலும் மேலே நிற்பவருக்குத் தெரியாது. நீர் நிறைந்திருக்கும் வரை அந்த நீரே கட்டைத் தாங்கிப் பிடிக்கும். வெள்ளம் சடாரென்று இறங்கினால் தாங்கல் போய்விடும். ஊறிய மண்ணின் பாரம் மட்டும் மிஞ்சும். மழை விட்டு வெயில் எறித்த பிறகு கட்டு பொத்தென்று சரிவது இதனால்தான். “வெள்ளத்துக்கு நின்ற கட்டு வெயிலுக்கு விழுந்துட்டு” என்று வியப்பவர்கள் உண்டு. வியக்க ஒன்றுமில்லை, அடி ஏற்கெனவே போயிருந்தது.

இன்னொரு காரணம், பழைய உடைப்பு. அவசரத்தில் மணலும் மரக்கொப்பும் மூட்டையும் போட்டு அடைத்த இடத்தில் புது மண்ணும் பழைய மண்ணும் ஒட்டியிருக்காது. அந்த மூட்டில் நீர் வழி பிடிக்கும். உடைப்பை அடைத்தவர்கள் கோடையில் திரும்பிவந்து, போட்டதை முழுக்கத் தோண்டி எடுத்துவிட்டு ஒழுங்காகக் கட்டவேண்டும். நம் பக்கத்தில் இது நடப்பது அருமை.

ஓகஸ்ட் மாதத்தில் ஆறு வற்றிக் கிடக்கும்போது ஒரு நீண்ட மூங்கில் கம்பை எடுத்துக்கொண்டு கட்டின் அடியோரமாக நடந்து பாருங்கள். நாலு பாகத்துக்கு (பாகம் என்பது இரண்டு கையையும் விரித்த நீளம்) ஒருக்கால் கம்பை ஊன்றி ஆழம் பாருங்கள். முழங்காலளவில் இருந்த ஆழம் திடீரென்று கழுத்தளவுக்குப் போகிற இடத்தில் ஒரு தடி நட்டு அடையாளம் வையுங்கள். அடுத்த உடைப்பு அநேகமாக அங்கேதான்.

மேலே கிரவல் கொட்டி உயர்த்தினார்களே, பிறகும் ஏன் நிற்கவில்லை?

அடி அரிபட்ட கட்டின் தலையில் பாரம் ஏற்றினால் சரிவு விரைவாகும், அவ்வளவுதான். கிரவலில் கல்லும் மணலும் கூட, நீரைத் தடுக்கிற களி குறைவு. கட்டின் மேல்தளத்தில் ஒரு படை போட்டால் மழையிலும் உழவு இயந்திரம் போய்வரலாம். அதற்கு அது நல்லது. கட்டின் வயிற்றுக்குள் போடுவதற்கு உகந்ததல்ல.

உயர்த்துவதிலும் ஒரு கணக்கு உண்டு. இரண்டு பக்கச் சரிவும் ஒன்றுக்கு இரண்டு (ஓரடி உயரத்துக்கு இரண்டடி அகலம்) என்று வைத்துக்கொண்டால், உயரத்தை ஓரடி கூட்டும்போது அடி அகலம் நான்கு அடி கூடவேண்டும். அடியை அகலிக்காமல் உச்சியை மட்டும் இரண்டடி தூக்கினால் பக்கங்கள் செங்குத்தாகிவிடும். வீதியிலிருந்து பார்க்க உயரமாக, அழகாகத்தான் இருக்கும். படமும் எடுத்துப் போடலாம்.

கட்டு எவ்வளவு அகலமாக இருக்கவேண்டும்? எத்தனை லோட் மண் போகும்?

நீர்ப் பக்கச் சரிவு ஒன்றுக்கு இரண்டிலிருந்து மூன்று வரை இருக்கவேண்டும். மண் மெலிவானால் மூன்றே நல்லது. எதிர்பார்க்கும் உச்ச வெள்ள மட்டத்துக்கு மேலே ஏறத்தாழ மூன்றடி மிச்சம் விடுவது வழக்கம். உச்சியில் ஒரு வாகனம் போகும் அகலம், அதாவது 3 மீற்றர் இருந்தால்தான் வெள்ள நேரம் சாமான் கொண்டுபோகலாம்.

இப்போது கணக்கு. உச்சி 3 மீற்றர், உயரம் 2.5 மீற்றர், இரண்டு பக்கமும் ஒன்றுக்கு இரண்டு சரிவு. அடி அகலம் 13 மீற்றர் வரும். குறுக்குவெட்டு 20 சதுர மீற்றர். 100 மீற்றர் நீளத்துக்கு இறுக்கிய மண் 2000 கன மீற்றர். நம் ஆட்கள் பேசும் கியூப் என்பது 100 கன அடி, அதாவது 2.83 கன மீற்றர். ஆகவே இறுக்கிய நிலையில் 700 கியூப்புக்கு மேல். டிப்பரில் வரும் மண் தளர்ந்த மண். இறுக்கினால் ஐந்தில் ஒரு பங்கு அளவு குறையலாம். அதையும் சேர்த்தால் 880 கியூப் வரை. மூன்று கியூப் டிப்பரில் 290 முதல் 300 லோட்.

இது புதுக்கட்டு முழுதாகக் கட்டுவதற்கான கணக்கு. பழைய கட்டு பாதி மிஞ்சியிருந்தால் அதைக் கழித்துக்கொள்ளுங்கள். எதற்கு இந்தக் கணக்கு என்றால், வேலை நடக்கும் நாட்களில் கட்டு முனையில் ஒருவர் கொப்பியும் பேனையுமாக இருந்து லோட்டை எண்ணலாம். அதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.

எந்த மாதத்தில் வேலை தொடங்கவேண்டும்?

ஜூனில் தொடங்கி செப்டெம்பர் முடிவதற்குள் மண்வேலை முடியவேண்டும். ஒக்டோபரில் இடிமழை தொடங்கிவிடும். நவம்பர் முதல் ஜனவரி வரை வடகீழ்ப் பருவமழை. மண்ணை இறுக்கிய பிறகு மேலே புல் வேர்பிடிக்கவும் கொஞ்ச காலம் வேண்டும்.

நடப்பது வேறு. அரசாங்கக் காசு ஜனவரியில் இருந்து டிசம்பர் வரை என்ற கணக்கில் ஓடுகிறது. ஒதுக்கீடு, மதிப்பீடு, கேள்விப்பத்திரம் என்று ஒவ்வொன்றாய் முடிந்து பெக்கோ (மண் தோண்டும் இயந்திரம்) கட்டுக்கு வந்துசேரும்போது வானம் கறுத்திருக்கும். “டிசம்பருக்குள் காசை முடிக்காட்டித் திரும்பிப் போயிடும்” என்ற பயத்தில் ஈரமண்ணையே அள்ளிப் போடுவார்கள். அப்படி நவம்பரில் போடும் கட்டுக்குச் சம்மதிக்காதீர்கள் என்றுதான் நான் சொல்வேன். அந்த வருடம் அவசரத்துக்கு அடைப்பை மட்டும் போடச்சொல்லி, மண்வேலையை அடுத்த வருட ஜூனுக்கு எழுத்தில் வாங்குங்கள். கசப்பான வழிதான். ஆனால் ஈரத்தில் போட்ட மண்ணைப் பிறகு தோண்டி எறிய யாரும் காசு தரப்போவதில்லை.

சிறுபோகம் உள்ள இடத்தில் ஓகஸ்டில் அறுவடை இருக்கும், வயலுக்குள்ளால் டிப்பர் போக விடமாட்டார்கள். பாதை விடயத்தைப் பயிர்ச்செய்கைக் கூட்டத்திலேயே பேசி முடித்துவிடுங்கள்.

யாரிடம் முறையிடுவது? ஆளுக்கு ஆள் கைகாட்டுகிறார்களே?

கைகாட்டுவதற்குக் காரணம் உண்டு. 80 ஹெக்டயருக்கு, அதாவது 200 ஏக்கருக்குக் குறைவாக நீர் பாயும் சின்னக் குளங்களும் அணைகளும் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பு. அது 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வருவது. பெரியவை நீர்ப்பாசனத் திணைக்களத்தின் பொறுப்பு. அதிலும் மத்திய திணைக்களம் ஒன்று, மாகாணத் திணைக்களம் ஒன்று. கட்டின் மேல் வீதி ஓடினால் அந்த வீதி பிரதேச சபைக்கோ மாகாண வீதி அபிவிருத்திக்கோ சொந்தமாக இருக்கலாம்.

கடிதத்தை முதலில் ஜீஎஸ் (கிராம சேவகர்) ஊடாகப் பிரதேச செயலாளருக்குக் கொடுத்து, நீர்ப்பாசனப் பொறியியலாளருக்கும் கமநல சேவை நிலையத்துக்கும் பிரதி அனுப்புங்கள். “கட்டு உடைந்துள்ளது, ஆவன செய்க” என்று மட்டும் எழுதினால் கோப்புக்குள் தூங்கும். எந்த இடம், எத்தனை மீற்றர் நீளம், நீர்ப் பக்கமா வயல் பக்கமா, எந்த மாதம் சரிந்தது, பின்னால் எத்தனை வீடு, எத்தனை ஏக்கர், எந்தப் பாதை என்று எழுதுங்கள். ஒரே இடத்தில் நின்று கோடையில் ஒரு படம், மாரியில் ஒரு படம் எடுத்துவையுங்கள். அளவுக்காக ஒருவர் கையில் தடியோடு படத்தில் நிற்கட்டும். கமக்காரர் அமைப்பின் முத்திரையோடு போகும் கடிதத்துக்குத் தனி ஆளின் கடிதத்தைவிட மதிப்பு கூட.

வேலைக்கு என்ன மதிப்பீடு, எவ்வளவு மண், என்ன சோதனை என்று தெரியவேண்டுமானால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்கலாம். ஒவ்வொரு அலுவலகத்திலும் தகவல் உத்தியோகத்தர் இருக்கவேண்டும். தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர் சொல்லவேண்டும். மேலே சொன்ன லோட் கணக்கை அந்த மதிப்பீட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பது சுவாரசியமான வேலை.

மண்ணை எங்கிருந்து எடுப்பது? எந்த மண் நல்லது?

கட்டின் அடியிலிருந்து மட்டும் எடுக்கவேண்டாம். பெக்கோவுக்கு அதுதான் லேசு: பக்கத்தில் தோண்டி மேலே போட்டால் டீசல் மிச்சம். ஆனால் அந்தக் கிடங்கில் நீர் தேங்கி, கட்டின் கால் ஊறி, கசிவுக்கும் வழி கிடைக்கும். கட்டின் உயரத்தைப்போலப் பல மடங்கு தள்ளிப் போய் எடுக்கவேண்டும்.

மண்ணைப் பார்க்க இரண்டு கைவைத்தியம் உண்டு. ஒரு பிடி மண்ணை ஈரமாக்கி, உள்ளங்கையில் உருட்டித் திரியாக்குங்கள். பென்சிலை விட மெல்லியதாக உடையாமல் வந்தால் களி இருக்கிறது. உருட்டவே வராமல் உதிர்ந்தால் மணல், வேண்டாம். தனிக் களியும் சரிவராது. வயலில் கோடைக்குக் கால் நுழையும் அளவுக்கு வெடிக்கிற கருங்களியைக் கட்டில் போட்டால் அங்கேயும் வெடிக்கும். முதல் மழைநீர் அந்த வெடிப்புக்குள் போகும். களியும் மணலும் கலந்த மண்தான் தேவை.

அப்புறம் இரண்டாவது சோதனை. ஒரு தேநீர்க் கிளாசில் தெளிந்த மழைநீரை ஊற்றி, அதற்குள் கடலையளவு மண்ணுருண்டையை மெதுவாகப் போட்டு விடுங்கள். ஆட்டவேண்டாம். பத்து நிமிடம் கழித்துப் பாருங்கள். உருண்டை சும்மா சரிந்து கிடந்து, நீர் தெளிவாக இருந்தால் நல்லது. யாரும் தொடாமலே சுற்றிலும் நீர் கலங்கிக்கொண்டு வந்தால் அது தானே கரைந்து ஓடும் மண். கட்டுக்குள் ஒரு சின்னக் கசிவு கிடைத்தாலும் குகை தோண்டிவிடும். வாவிக்கரைக் கிணற்றுநீரில் இதைச் செய்யாதீர்கள். உப்பு இருந்தால் கெட்ட மண்ணும் கலங்காமல் இருந்து உங்களை ஏமாற்றும்.

மண்ணை எப்படி இறுக்கவேண்டும்? டிப்பர் ஏறி இறங்கினால் போதாதா?

போதாது. இந்தக் கேள்விக்குத்தான் ஊரில் அதிக கவனம் வேண்டும், ஏனென்றால் காசும் மண்ணும் சரியாக வந்தும் கட்டு போவது இங்கேதான்.

முதலில் பழைய கட்டின் மேலுள்ள புல், வேர், குப்பை, இளகிய மண் எல்லாவற்றையும் வழித்து எடுக்கவேண்டும். பழைய சரிவைப் படிப்படியாக வெட்டி, புது மண் அந்தப் படிகளில் கொளுவி உட்காரும்படி செய்யவேண்டும். சரிவான பழைய முகத்தில் அப்படியே மண்ணைக் கொட்டினால் மழைக்கு அது வழுக்கி இறங்கும்.

பிறகு மண்ணை ஆறு முதல் எட்டு அங்குலப் படையாகப் பரப்பவேண்டும். ஈரம் சரியாக இருக்கவேண்டும்: கையில் பிடித்து அமத்தினால் ரொட்டிக்குக் குழைத்த மாப்போல ஒட்டிநிற்க வேண்டும், விரலிடுக்கில் நீர் வடியக்கூடாது. காய்ந்திருந்தால் பவுசரில் (தண்ணீர் லொறியில்) நீர் தெளிக்கவேண்டும். ரோலர் ஆறேழு தடவை போய்வந்த பிறகுதான் அடுத்த படை. களிமண்ணுக்கு ஆட்டுக்கால் ரோலர் என்ற முளை வைத்த ரோலர் நல்லது. வழுவழுப்பான ரோலர் ஓடினால் படைக்கும் படைக்கும் நடுவே வழுக்குத்தளம் உண்டாகும், அதை மேலாகக் கொத்திவிட்டுத்தான் அடுத்த படை போடவேண்டும். அதே மண்ணை ஆய்வுகூடத்தில் இறுக்கிக் கண்ட உச்ச அடர்த்தியில் 95 சதவீதம் வந்ததா என்று தொழில்நுட்ப உத்தியோகத்தர் சோதிக்கவேண்டும். எந்தெந்தப் படையில் சோதித்தார்கள் என்று கேளுங்கள்.

உங்கள் கையில் சோதனைக்கருவி இல்லாவிட்டாலும் அரை அங்குலக் கம்பி இருக்கும். இறுக்கிய படையில் அதை ஊன்றி உடம்புப் பாரத்தைப் போடுங்கள். இரண்டு மூன்று அங்குலத்தோடு நின்றால் சரி. முழங்கை வரை இறங்கிப் போனால், அன்றைக்கே வேலையை நிறுத்தச் சொல்லுங்கள். அடுத்த நாள் அதன் மேல் இன்னொரு படை வந்துவிடும், பிறகு கம்பியும் பொய் சொல்லும்.

அடியைக் காக்கக் கல் போடுவதா, கேபியனா, மூட்டையா?

வளைவின் வெளிப்பக்கத்துக்குக் கல்தான். ஆனால் கல்லை மண்ணின் மேல் நேரே கொட்டினால் கல்லிடுக்கால் மண் உறிஞ்சப்பட்டு, ஒரு மாரி முடியும்போது கல்லெல்லாம் ஆற்றின் அடிக்குப் போயிருக்கும். கல்லுக்குக் கீழே சின்னச் சல்லிப் படையோ வடிதுணியோ விரிக்கவேண்டும். கல்லை நீர்மட்டத்தோடு நிறுத்தாமல், ஆற்றுப் படுகையில் சில மீற்றர் தூரம் பாய் விரிப்பாக நீட்டவேண்டும். அடி அரிபடும்போது அந்தக் கல் தானாக இறங்கி அரிந்த பள்ளத்தை மூடிக்கொள்ளும். மதிப்பீட்டில் காசு குறைக்க நினைப்பவர்கள் முதலில் வெட்டுவது இந்தப் பகுதியைத்தான். கட்டுக்கு உயிர் அதுதான் என்பதால் அதை விட்டுக்கொடுக்கவேண்டாம்.

கேபியன் என்பது கம்பிவலைப் பெட்டிக்குள் கல் அடுக்குவது. பெரிய கல் கிடைக்காத இடத்துக்கு நல்லது; கொஞ்சம் அசைந்தாலும் உடையாது. வாவிக்குக் கிட்டே, உப்புநீர் ஏறும் இடத்தில் சாதாரண நாகமுலாம் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும். அங்கே பிவிசி பூசிய கம்பி கேளுங்கள்.

மூட்டை அவசரத்துக்கு மட்டும். யூரியாப் பை வெயிலில் கிடந்தால் சில மாதத்திலேயே நூல்நூலாகப் போய்விடும்.

வெட்டிவேர் நட்டால் போதும் என்கிறார்கள், உண்மையா?

பாதி உண்மை. வெட்டிவேரின் வேர் பக்கவாட்டில் படராமல் நேரே கீழே இறங்கும், நல்ல மண்ணில் மூன்று மீற்றர் வரைக்கும். சரிவின் மேற்பாதிக்கும் வயல் பக்கத்துக்கும் அருமையான காவல். சரிவுக்குக் குறுக்கே வரிசையாக, ஒரு சாண் இடைவெளிக்குள் நெருக்கி நடவேண்டும். தள்ளித் தள்ளி நட்டால் நடுவால் நீர் ஓடி வாய்க்கால் வெட்டும். நிழலில் வளராது. எப்போதும் நீருக்குள் மூழ்கிக் கிடக்கும் அடிப்பகுதியில் நிற்காது. மடு விழும் வளைவில் கல்லின் வேலையை அதனால் செய்யமுடியாது. முதல் மழையோடு நடுங்கள், முதல் வருடம் மாடு மேயாமல் பாருங்கள்.

கரையில் நிற்கும் மருதமரத்தை வெட்டவேண்டுமா?

இயற்கையான கரையில் நிற்கும் மருதை வெட்டவே வேண்டாம். அதன் வேர் கரையைப் பிடித்து வைத்திருக்கிறது. வெட்டினால் சில வருடத்தில் வேர் உக்கி, அந்த இடம் ஆற்றுக்குள் போகும்.

மண்ணால் கட்டிய கட்டின் உடம்பில் மரம் முளைப்பது வேறு கதை. வேர் கட்டுக்குள் ஊடுருவும். மரம் பட்டால் வேர் போன வழி குழாயாகும். காற்றில் சாய்ந்தால் கட்டில் ஒரு துண்டைப் பெயர்த்துக்கொண்டு விழும். கட்டில் முளைப்பதைக் கன்றாக இருக்கும்போதே பிடுங்குங்கள். பெரிதாகிவிட்டால் மரத்தோடு வேரையும் தோண்டி எடுத்து, குழியைப் படைபடையாக இறுக்கி மூடவேண்டும். அதையும் கோடையில்தான்.

மணல் அள்ளுவதற்கும் கட்டுக்கும் என்ன தொடர்பு?

நேரடித் தொடர்பு. ஆற்றுப் படுகையில் ஆழக் கிடங்கு தோண்டினால், கிடங்கின் மேல்விளிம்பு நீரோட்டத்தில் இடிந்து இடிந்து ஆற்றின் மேற்பக்கமாக நகரும். மணல் அள்ளியது ஒரு இடத்தில், படுகை தாழ்வது அதற்கு மேலே உள்ள இடத்திலும். கீழேயுள்ள இடத்துக்கோ வழக்கமாக வரும் மணல் வராது. படுகை ஒரு மீற்றர் தாழ்ந்தால் உங்கள் கட்டு ஒரு மீற்றர் உயரமான, செங்குத்தான கட்டாகிவிட்டது என்று அர்த்தம். கட்டில் யாரும் கைவைக்கவில்லை, ஆனாலும் அது பலவீனமாகிவிட்டது. கல் போட்ட அடியும் அந்தரத்தில் நிற்கும்.

மணல் அகழ 1992 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும். அது எந்த இடத்துக்கு, என்ன நிபந்தனையோடு கொடுக்கப்பட்டது என்று பிரதேச செயலகத்தில் கேட்கலாம். அனுமதி இருப்பதாலேயே கட்டின் அடியில் பெக்கோவை இறக்கலாம் என்றில்லை. மணல் வேலையில் நம் ஊர்ப் பிள்ளைகளே சம்பளம் எடுக்கிறார்கள் என்பதால் கூட்டங்களில் இந்தப் பேச்சு எழுந்ததும் எல்லோரும் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். குனிந்தால் படுகை உயராது.

மாடு, எலி, முதலை, யானை?

மாட்டுப்பட்டி ஆற்றுக்கு இறங்கும் தடத்தில் கட்டின் உச்சி ஓரடி இரண்டடி பணிந்திருக்கும். வெள்ளம் முதலில் தாண்டுவது அந்தத் தடத்தால். மாட்டைத் தடுக்கமுடியாது, இறங்க ஒரு இடம் ஒதுக்கி, அங்கே கல் பதித்துக் கொடுங்கள். யானை கடக்கும் இடத்துக்கும் அதே கதை, ஆனால் இடத்தை யானைதான் தெரிவுசெய்யும்.

எலி, நண்டு, உடும்பு வளைகளைக் கோடையில் புல்வெட்டிப் பார்த்தால்தான் தெரியும். வாயை மட்டும் மண்ணால் அடைப்பது வீண். வளை போகும் வரைக்கும் தோண்டி, இறுக்கி மூடுங்கள். கறையான் புற்றும் அப்படித்தான், வெளியே தெரிவது கொஞ்சம், உள்ளே வெற்றிடம் பெரிது. முதலையும் கரையில் பொந்து தோண்டும். அதைத் தேடிப் போகவேண்டாம். கண்டால் வனசீவராசிகள் திணைக்களத்துக்குச் சொல்லுங்கள்.

நீர் இறைக்கக் கட்டுக்குள்ளால் குழாய் போடலாமா?

போடாதீர்கள். குழாயின் வெளிப்பக்கத்தை ஒட்டிக்கொண்டு நீர் வழி தேடும். உடைப்பெடுத்த இடங்களில் பிய்ந்த பிவிசி குழாய் நீட்டிக்கொண்டு நிற்பதை நீங்களே கண்டிருப்பீர்கள். பம்பின் குழாயைக் கட்டின் மேலால் கொண்டுபோங்கள், வேலை முடிந்ததும் எடுத்துவிடுங்கள்.

இரவில் வெள்ளம் ஏறுகிறது. கட்டில் நின்று என்ன செய்வது?

தனியாகப் போகாதீர்கள். இருவர், டோர்ச், கயிறு, ஊருக்குச் சொல்ல போன். ஆற்றுப் பக்கத்தை மட்டும் பார்த்துக்கொண்டு நிற்காமல் வயல் பக்க அடியோரமாக வெளிச்சம் அடித்துப் பாருங்கள்.

அங்கே நீர் கசிந்தால் அதன் நிறத்தைப் பாருங்கள். தெளிவாக வந்தால் கவனித்துக்கொண்டிருக்கலாம். கலங்கி வந்தால் கட்டின் உள்மண் வெளியே வருகிறது. நிலத்திலிருந்து நீர் கொப்பளித்து, சுற்றிலும் மணல் குவிந்தால் அதன் வாயில் மூட்டையைப் போட்டு அமத்தாதீர்கள். பக்கத்தில் இன்னொரு இடத்தால் கிளம்பும். சுற்றிவர மூட்டைகளால் கிணற்றுக்கட்டு மாதிரி வளையம் கட்டி, உள்ளே நீர் தேங்க விடுங்கள். தேங்கும் நீரின் பாரம் ஓட்டத்தை மெதுவாக்கும். தெளிந்த நீர் வழிய ஆரம்பித்ததும் அதற்கு மேல் உயர்த்தவேண்டாம்.

உச்சியைத் தாண்டப்போனால் பணிந்த இடங்களில் மூட்டை அடுக்கலாம். பையை மூன்றில் இரண்டு பங்கு மட்டும் நிரப்புங்கள், முட்ட நிரப்பினால் இடைவெளி விழும். வாயை மடித்துக் கீழே வைத்து, செங்கல் அடுக்குவதுபோல மூட்டு மாற்றி அடுக்கி, மிதித்து அமத்துங்கள்.

உச்சியில் நீளவாட்டில் வெடிப்பு விழுந்து ஒரு பக்கம் பணிந்தால், கசிவு கலங்கிப் பெருகினால், கட்டை விட்டு இறங்குங்கள். ஊரை எழுப்புங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. இருட்டில் தாம்போதியை (வெள்ளம் மேலால் பாயும் தாழ்ந்த பாலத்தை) கடக்க உழவு இயந்திரத்தை நம்பவேண்டாம். 2024 நவம்பரில் காரைதீவு மாவடிப்பள்ளி வீதியில் வெள்ளத்துக்குள் போன உழவு இயந்திரம் கவிழ்ந்து மதரசா மாணவர்கள் பலியானது பகல் வேளையில்தான் நடந்தது.

எங்கள் பக்கத்தைக் காக்க அக்கரைக் கட்டை வெட்டிவிட்டால்?

கூடாது. குற்றம் என்பது ஒரு பக்கம். அக்கரையிலும் ஆட்கள் படுத்திருக்கிறார்கள்.

முகத்துவாரத்தை வெட்டினால் எங்கள் கட்டு தப்புமா?

இடத்தைப் பொறுத்தது. மட்டக்களப்பு வாவி கடலோடு சேரும் வாய்களில் மணல் மூடியிருக்கும்போது வாவி நிரம்பி, அதற்குள் விழும் ஆறுகளின் கடைப்பகுதியில் நீர் பின்வாங்கி நிற்கும். அந்தத் தாழ்ந்த பகுதிகளுக்கு பாலமீன்மடுப் பக்கத்திலோ கல்லாற்றுப் பக்கத்திலோ வாய் வெட்டினால் நீர் இறங்கும். கொஞ்சம் மேட்டில், ஓட்டம் வேகமாக உள்ள வளைவில் இருக்கும் கட்டுக்கு அதனால் பெரிய நன்மை இல்லை. ஆறு சட்டென்று இறங்கினால் ஊறிய சரிவு இடியும் ஆபத்தும் இருக்கிறது.

வயல்காரர் சீக்கிரம் வெட்டச் சொல்வார்கள். மீன்பிடிப்பவர்களுக்கோ இறால், மீன் கணக்கு வேறு. மாவட்டச் செயலகத்தில் இரண்டு பக்கமும் கூடிப் பேசித்தான் முடிவெடுக்கவேண்டும். கட்டுப் பிரச்சினையை முகத்துவாரத்தின் தலையில் போட்டுவிட்டு இருந்துவிடாதீர்கள்.

பாலங்களிலும் தாம்போதிகளிலும் ஆற்றுவாழை (நீரில் மிதந்து பரவும் களை) அடைத்து நீர்மட்டம் உயர்வது வேறு. அதை ஒக்டோபரில் சிரமதானம் வைத்தே அள்ளிவிடலாம்.

கட்டின் மேல் கொங்கிறீற் வீதி போட்டால் பலம்தானே?

உச்சிக்கு மட்டும். கீழே மண் போனாலும் கொங்கிறீற் பாலம்போல நின்று பள்ளத்தை மறைக்கும், ஒருநாள் உழவு இயந்திரத்தோடு உள்ளே போகும். கிரவல் வீதியே போதும். மழைநீர் வயல் பக்கம் வழியும்படி கொஞ்சம் சரிவு கொடுங்கள்.

வேலை முடிந்த பிறகு யார் பார்ப்பது?

கட்டைத் துண்டு துண்டாகப் பிரித்து, அந்தந்த வட்டை (வயல்வெளி) ஆட்களிடம் கொடுப்பது நல்லது. வட்டவிதானைக்கு ஏற்கெனவே வாய்க்கால் பார்க்கும் வேலை இருக்கிறது, கட்டையும் சேர்த்துப் பார்க்கலாம். வருடத்துக்கு இரண்டு நடை முக்கியம்: மாரி முடிந்து பெப்ரவரி கடைசியில் ஒன்று, செப்டெம்பரில் ஒன்று. முதல் நடையில் புது வெடிப்பு, சரிவு, கல் இறங்கிய இடம் பார்க்கவேண்டும். இரண்டாவது நடைக்கு முன் புல்லை வெட்டிவிடுங்கள், வேரோடு சுரண்டாமல். கல்தூண்களில் மீற்றர் இலக்கம் எழுதி வைத்தால் “அந்தப் புளியமரத்துக்குக் கிட்ட” என்று அலுவலகத்தில் விளங்கப்படுத்தும் பாடு இருக்காது.

கட்டின் சரிவில் மரவள்ளியோ கச்சானோ போடலாமா? நிலம் சும்மாதானே கிடக்கிறது?

வேண்டாம். இரண்டையும் பிடுங்கித்தான் எடுக்கவேண்டும், பிடுங்கும்போது இறுக்கிய மண் கிளறுபடும். மரவள்ளிக் கிழங்குக்கு எலியும் பன்றியும் வேறு வரும். சரிவில் அறுகம்புல் படரட்டும். அறுத்து மாட்டுக்குப் போடலாம்.